ஒன்றும் தெரியாத நேரம்

வைரஸைக் கெட்டிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வருடமாக அதோடுதான் மாரடிக்கிறேன். அதற்கு மூளையும் கிடையாது, கைகாலும் கிடையாது. செல்லின் மேல் போய் ஒட்டும், அவ்வளவுதான். ஏதோ தனக்கு வேண்டிய சரக்கு வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்வது செல். உள்ளே போனதும் வைரஸ் தன் மேலுறையைக் கழற்றிவிட்டுத் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். அப்போது செல்லை உடைத்துத் தேடினாலும் முழுசாக ஒரு வைரஸ் அகப்படாது. செல் தன் சொந்த வேலைகளை அப்படியே போட்டுவிட்டு, வந்தது கொண்டுவந்த குறிப்பைப் பார்த்துப் பார்த்து அதற்கான பாகங்களைச் செய்துகொண்டிருக்கும். எட்டு, பத்து மணி நேரம் கழித்து, ஒன்று போன இடத்திலிருந்து நூற்றுக்கணக்கில் வெளியே வந்து பக்கத்து செல்களில் ஒட்டும். நடுவில் உள்ள அந்தக் காலத்தை எங்கள் ஆய்வகத்தில் 'ஒன்றும் தெரியாத நேரம்' என்போம். மனித உடம்பில் டெஸ்ட்டில் அகப்படும் அளவுக்குப் பெருக இரண்டு மூன்று நாள்கூட இழுக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை மதியம், வைரஸ் வளர்த்த திரவத்தைக் குழாய்களில் ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டிருந்தேன். அது நின்ற பிறகு பத்து நிமிடம் காத்திருந்துதான் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே குழாய் ஏதாவது விரிசல் விட்டிருந்தால் பறக்கும் துளிகள் அடங்க வேண்டுமே. பழகிய கைக்கு ஏது பொறுமை? நின்றதும் திறந்தேன். மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது. மேல் உதட்டில் ஈரம் பட்டது போல இருந்தது.

இப்படி நடந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் ஒரு டெஸ்ட், ஏழாம் நாள் ஒரு டெஸ்ட். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே நான்தான்.

ஆனால் முந்தின நாள்தான் அக்கா போன் செய்திருந்தாள். ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றி, இரண்டு மாதமாக மருத்துவமனையில் அடைத்த அறைக்குள் கிடந்தாள். மாமாவைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.

"ஏய் வாயாடி, ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள அரை மணி நேரம் உள்ள விடுறாங்களாம். நீதான் வரணும். உங்க மாமா பொழுதன்னைக்கும் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்காரு. எனக்குக் கொஞ்சம் சிரிக்கணும்டி."

நான் பதிவேட்டில் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எனக்கே டெஸ்ட் எடுத்தேன். கூட வேலை பார்ப்பவன், நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், முடிவைப் பார்த்துவிட்டு, "நெகட்டிவ். என்ன திடீர்னு?" என்றான்.

"அக்காவப் பாக்கப் போறேன். பேப்பர் கேப்பாங்க."

துளி பட்டுப் பதினெட்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அதை வைத்து நான் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் இருந்த நர்ஸிடம் நீட்டினேன், மாமாவிடமும் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அக்காவுக்குத் தலையில் பூனைமுடி முளைத்திருந்தது. அதைக் கிண்டல் செய்தேன். மாமா போடும் காப்பியை அவள் கிண்டல் செய்தாள். கிளம்பும்போது, "மாஸ்க்க கொஞ்சம் இறக்குடி. ரெண்டு மாசமா எல்லார் கண்ண மட்டுமே பாத்துட்டுக் கிடக்குறேன். ஒரு முழு மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். இறக்கினேன். சிரித்தேன்.

திங்கள் மாலை தொண்டை கரகரத்தது. தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று நாள் லீவு போட்டேன். புதன்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் என்று மாமா போன் செய்தார்.

வெள்ளிக்கிழமை, நாங்கள் வளர்க்கும் செல்களில் அவளுடைய மாதிரியைப் போட்ட குடுவை எங்கள் மேஜைக்கு வந்தது. பெயர் இருக்காது, மருத்துவமனை எண் மட்டும்தான். அந்த எண் எனக்கு மனப்பாடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குடுவையின் அடியில் நெருக்கமாகப் படிந்திருக்க வேண்டிய செல்கள் உருண்டு திரண்டு, பிடி விட்டு, கொத்துக் கொத்தாக மிதந்துகொண்டிருந்தன. கண்ணாடி என் தோளுக்குப் பின்னால் நின்று, "ரொம்ப வேகமாப் பரவியிருக்கே, பாவம்" என்றான்.

நம் உடம்பில் என்றால் காவல் செல்கள் வந்து, வைரஸ் புகுந்த செல்லையே கொன்று பரவலை நிறுத்திவிடும். அக்காவுக்கு அந்தக் காவல் இன்னும் முளைக்கவில்லை. கொடுத்த மருந்து நகல் எடுப்பதைத்தான் தடுக்கும், போன செல்லைத் திருப்பித் தராது. வைரஸ் நுரையீரலில் கிளைகிளையாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனபோது மாமா கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க உள்ள போகலையா?"

"நான்தான நோயக் கொண்டாந்து கொடுத்திருக்கேன். தெனமும் மருந்துக் கடைக்குப் போய்ட்டு வர்றது நான் ஒருத்தன்தான். வேற யாரு?"

"டெஸ்ட் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். இல்லைன்னுதான் வந்துச்சு. கவுனப் போட்டுட்டுப் போங்கன்னு டாக்டரும் சொல்றாரு. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கும் இருக்காதுன்னு என்ன நிச்சயம்? நீயே எத்தன தடவ சொல்லியிருக்க? இன்னும் கொஞ்சம் கொடுத்துட்டேன்னா அவ தாங்குவாளாம்மா?"

உள்ளே அக்கா குழாயும் முகமூடியுமாகக் கிடந்தாள். அவர் வெளியிலிருந்து கையை ஆட்டினார். அவள் இரண்டு விரலை மடக்கி 'வா' என்றாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. 'கொண்டாந்தது நான் மாமா.' வேலை போய்விடுமோ என்று பயந்தேனா? கொஞ்சம். அவர் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குத்தான் அதிகம் பயந்தேன். அக்கா தேறி வரட்டும், இரண்டு பேரிடமும் சேர்த்துச் சொல்லி உதை வாங்கிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். ஆறு நாள் தள்ளினேன். ஆறு நாளும் அவர் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. "உள்ள அவங்க எந்நேரமும் கதவையேதான் பாத்துட்டு இருக்காங்க" என்று நர்ஸ் அவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா போய்விட்டாள். பக்கத்தில் இருந்தது நர்ஸ் மட்டும்.

மாமாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல் விட்ட குழாய், எழுதாத பதிவேடு, அவர் இரண்டு முறை படித்த தாள், இறக்கிய மாஸ்க். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்போ என்கிட்ட இருந்து வரலையா?"

"இல்ல மாமா."

"அப்போ நான் உள்ள போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம் மாமா."