மாக்கிறேற்றுக்குப் பாடமான குரல்

எகிப்திலிருந்து சந்தியோகுவின் குரல் தபாலில் வந்தது. பட்டாளத்துக்குப் போனவர்கள் ஒரு கூடாரத்தில் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசினால், அதைக் கறுப்புத் தட்டிலே பிடித்து வீட்டுக்கு அனுப்புவார்களாம். அனுப்பியது சரி. அதைப் போட்டுக் கேட்கிற கிராமபோன் பெட்டி கரம்பொன் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று அந்த மனுஷன் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? மாக்கிறேற்றிடம்தான் இருந்தது.

மாக்கிறேற் அவனுடைய மாமன் மகள். அவனுக்கென்றே பேசி, சீதனப் பேச்சில் முறிந்துபோன சம்பந்தம். அதன் பிறகு அவள் யாரையும் கட்டவில்லை. சந்தியோகுவைக் கட்டிவந்த மதலேனாவுக்கு, வந்த நாள் முதல் இதுதான் நெஞ்சில் முள்.

தட்டு வந்த அன்று மாமி அன்னமுத்து மருமகளையும் அயலட்டையையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். தட்டிலே சந்தியோகு முதலில் "அம்மா" என்றான்; கிழவி குழறி அழத் தொடங்கினாள். பிறகு மாட்டை விசாரித்தான், பனங்காணியை விசாரித்தான். கடைசியில் பெண்சாதியோடு பேசப்போகிறான் என்று தெரிந்ததும் பெண்கள் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மதலேனாவுக்குரிய பங்கு அடிபட்டுப்போயிற்று. ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. என் புருஷன் எனக்கு என்ன சொன்னான் என்று ஊராரிடம் போய்க் கேட்பதா? அதைவிட, இன்னொரு தரம் போடு என்று அந்த மாக்கிறேற்றிடம் கேட்பதா?

"பெட்டியில்லாத வீட்டிலை தட்டு என்னத்துக்கு? இஞ்சையே இருக்கட்டும்" என்று மாமி சொல்லிவிட்டாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். மாக்கிறேற் அவளுக்கு அண்ணன் மகள் அல்லவா.

அதன் பின் மாக்கிறேற் வீட்டில் திருவிழாதான். உறவென்று வந்தவர்கள் எல்லோருக்கும் போட்டுக்காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரியாதையில்லை. "நேற்றும் மூண்டு தரம் கேட்டனாங்கள்" என்று கிணற்றடியில் யாராவது சொன்னால் மதலேனாவுக்கு வயிறு பற்றி எரியும். கட்டினவள் இங்கே இருக்க, அவன் குரல் அங்கே குடித்தனம் நடத்துகிறது.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு தனியாகப் போய் அந்த வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"மச்சாள், எனக்கு ஒருக்கால் போட்டுக்காட்டும். அண்டைக்கு நான் சரியாக் கேக்கேல்லை."

மாக்கிறேற் தட்டை வைத்துச் சாவி கொடுத்தாள். இரைச்சல் வந்தது. அதற்கு அடியில் எங்கோ யாரோ முனகினார்கள். ஊசி ஓடி முடிந்தது.

"தேஞ்சுபோச்சு" என்றாள் மாக்கிறேற், நிலத்தைப் பார்த்தபடி. "இது பாட்டுத் தட்டுப் போலை இல்லையாம். இரும்பூசி கீறிப்போடுமாம். உறையிலை இங்கிலீசிலை எழுதியிருக்கு. நேற்றுத்தான் சுவாமியார் வாசிச்சுச் சொன்னவர்."

மதலேனா கதிரையை விட்டு எழுந்தாள். "சனம் கேட்டுத் தேஞ்சதோ, நீர் கேட்டுத் தேஞ்சதோ?"

"ரெண்டும்தான்."

பொய் சொல்லவில்லை அவள். அதுதான் இன்னும் ஆத்திரம்.

"உமக்குச் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் பாடம். சொல்லட்டோ?"

வேண்டாம் என்று சொல்லத்தான் மதலேனா வாயெடுத்தாள். அதற்குள் மாக்கிறேற் தொண்டையை இரண்டு முறை செருமினாள். வெட்கம் வந்தால் சந்தியோகு அப்படித்தான் செருமுவான். அது தனக்கு மட்டும் தெரிந்த செருமல் என்று மதலேனா எண்ணியிருந்தாள்.

"இஞ்சாரும். அந்த ஊதாச் சீலையை நான் வருமட்டும் கோயிலுக்கு உடுத்தாதையும். மற்ற ஆக்கள் பாக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. நான் வந்தாப்பிறகு எனக்கு உடுத்திக் காட்டும்."

அன்றும் மதலேனா உடுத்தியிருந்தது ஊதாச் சீலைதான். மாக்கிறேற்றுக்கு முன் குறைந்துபோகக் கூடாதென்று நாலு ஞாயிறும் அதையே உடுத்திக் கோயிலுக்குப் போனவள். தட்டைக் கேட்ட ஊரே வாய்க்குள் சிரித்திருக்கும். மாக்கிறேற் மட்டும் சீலையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தாள். கட்டினவன் சொன்ன சொல் இவள் வாயிலிருந்து வரவேண்டியிருக்கிறதே என்று நினைக்க, பிடித்து அறையலாம் போல இருந்தது மதலேனாவுக்கு.

அவள் மறுபடி கதிரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கால் சொல்லும்" என்றாள். "செருமிப்போட்டுச் சொல்லும்."