சிரித்த முகத்துக்காரியின் வலி

புகார் கேட்கும் அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். அழகு பார்க்க அல்ல. போனில் வாடிக்கையாளர் வண்டி வண்டியாகத் திட்டினாலும் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள. சிரித்தால் அது குரலில் தெரியுமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனை ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும்.

அங்கே பல வருஷமாகப் போன் எடுக்கும் அவளுக்குத் தாடையில் தொடங்கிய வலி கழுத்துக்கு இறங்கி, தோளில் குடியேறி, இப்போது உடம்பு முழுவதையும் சொந்த வீடாக்கிக்கொண்டுவிட்டது. தலை வாரக் கை எழும்பாது. எடுத்த ஸ்கேனிலெல்லாம் ஒன்றுமில்லை. கம்பெனி டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அவளைப் போன் வேலையிலிருந்து எடுத்து, கடிதத்தில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கணவனையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"சொல்லுங்கம்மா, எங்க வலிக்குது?"

"எல்லா இடத்துலயும் டாக்டர். புரண்டு படுக்க முடியல. சில நாள் செத்துத் தொலையலாம்னு இருக்கு."

டாக்டர் அவளையே பார்த்தார். "இத சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களே?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உதட்டை இறுக்கி மூடிப் பார்த்தாள். அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிரே ஒருவர் வாயைத் திறந்தாலே போதும், முகம் தானாகப் பல்லைக் காட்டிவிடுகிறது. இத்தனை வருஷம் அதற்குத்தானே சம்பளம்! நீயாவது சொல்லேன் என்று கணவனைப் பார்த்தாள்.

"வீட்லயும் இப்படித்தான் டாக்டர், எப்பவும் சிரிச்ச முகம்தான்," என்றான் அவன், பெருமையாக. நல்லவன்தான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் நல்லவன்.

"நிஜமா வலிக்கிறவங்க இப்படி இருக்க மாட்டாங்கம்மா. கொஞ்சம் நடங்க, நல்லா தண்ணி குடிங்க," என்ற டாக்டர், வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மறுநாள் பக்கத்து இருக்கைக்காரியிடம் வயிறெரிந்து கொட்டினாள். "இருக்கட்டும், அடுத்த தடவ அந்தாளு முன்னாடி ஓன்னு அழுதுடப் போறேன் பாரு."

"அதையும் நான் பண்ணிப் பாத்துட்டேன்டி," என்றாள் அவள், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே. "அழுதேன். வலி உடம்புல இல்ல, மனசுலதான்னு எழுதிட்டாரு."

"அப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் சொல்றது?"

பக்கத்து இருக்கைக்காரிக்கு அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்தாள்.