நூற்று அறுபது சதவீத ஓட்டம்

அவளுடைய அக்காவின் கணவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கிளை மேலாளர். அலுவலக விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடிக் கடைசியாக வந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு முழுத் தூரமும் ஓடியதே பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வீடியோவை ஆண்டு விழாவில் பெரிய திரையில் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதை எடிட் செய்வது அவள், அவருடைய கொழுந்தியாள்தான். தையல் கடை மாடியிலிருந்த அவள் அறைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்னைக் கொஞ்சம் வேகமா ஓட வைம்மா."

அவள் கிளிப்பின் வேகத்தை நூற்று அறுபது சதவீதமாக்கி ஓட்டிக் காட்டினாள். அத்தான் பறந்தார். முன்னால் ஓடியவர்கள் அவரைவிடப் பறந்தார்கள்.

"அவங்களை எதுக்கு ஏத்துன? என்னை மட்டும் ஏத்து."

"ஒரே கிளிப் அத்தான். ஏத்துனா எல்லாருந்தான் ஏறுவாங்க."

"அப்ப அவங்களை வெட்டு."

கடைசியாக வந்ததில் ஒரு வசதி இருந்தது. முக்கால்வாசி நேரம் திரையில் அவர் தனியாகத்தான் இருந்தார். அந்தத் துண்டுகளை மட்டும் வேகமாக்கி, மற்றவர்கள் வரும் துண்டுகளை எழுபது சதவீதத்துக்கு இறக்கினாள். எல்லைக்கோட்டைத் தொடும் காட்சியை எடுத்தே விட்டாள். கைதட்டல் எலிக் கீச்சலாகக் கேட்டதால் அதை அணைத்துவிட்டு இசை சேர்த்தாள். ஆனால் அவருக்குப் பின்னால் கூட்டத்தில் நின்று ஃபைலால் விசிறிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அம்மாவின் கை மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது.

"என்னை விட்டுட்டு அந்தம்மாவை யாரு பாக்கப்போறா?" என்றார் அத்தான்.

ஆண்டு விழாவில் எல்லாரும் அந்த அம்மாவைத்தான் பார்த்தார்கள். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எழுந்து கையசைத்தார்.

சிரிக்காதவர் ஒருவர்தான், புதிதாக வந்த மண்டல அதிகாரி. அவர் விளையாட்டு விழாவுக்கு வரவில்லை. நேராக வந்து அத்தானின் கையைக் குலுக்கினார்.

"மண்டல ரிலே போட்டிக்குக் கடைசி ஆள் கிடைக்காம அல்லாடிட்டு இருந்தேன் சார். இனி நீங்கதான்."

அத்தான் வாயைத் திறப்பதற்குள் ஊழியர்கள் முந்திக்கொண்டார்கள். "சாரை விட்டா நமக்கு வேற ஆளே இல்ல சார்."

இரண்டு வாரம் கழித்துப் போட்டி நடந்தது. மற்ற மூவரும் உயிரைக் கொடுத்து ஓடி, முதலிடத்தில் கட்டையை அத்தான் கையில் கொடுத்தார்கள். பாதித் தூரத்துக்குள் நான்கு பேர் அவரைத் தாண்டினார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டில் ரிப்பனைச் சுருட்டி வைத்துவிட்டிருந்தார்கள்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் அதிகாரி.

"எதிர்க்காத்து சார்."

மைதானத்து மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. அதிகாரி மரத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் அக்கா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவருடைய முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே சொன்னாள்: "நாளையிலேருந்து காலையில பால் வாங்கப் போறது நீங்கதான். வண்டிய எடுக்காதீங்க."