மாப்பிள்ளை தேய்த்த காசு

மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் நேராகப் பேசிக்கொண்டது கிடையாது. பகை ஒன்றும் இல்லை. மரியாதைதான். "அத்தைக்கு டீ வேணுமான்னு கேளு" என்று அவர் மனைவியிடம் சொல்வார். "இப்பதான் குடிச்சேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு" என்று இவர் மகளிடம் சொல்வார். கல்யாணமான நாள் முதல் அவள்தான் இருவருக்கும் நடுவில் தபால்காரி.

அந்த மரியாதைக்கு வேட்டு வைத்தது ஒரு கார்.

மாமியார் படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டார். பழைய கார் ஒன்று வாங்க, தன்னிடமிருந்த காசுகளை விற்பதென்று முடிவு செய்தார்.

அந்தக் காசுகள் சேர்ந்த கதையே வேடிக்கை. படகு கிளம்பும் அவசரத்தில் பயணிகள் எந்த நாட்டுக் காசையாவது தள்ளிவிட்டு ஓடிவிடுவார்கள். சிலர் தெரியாமல், பலர் தெரிந்தே. கணக்கு இடிக்கக் கூடாதென்று மாமியார் தன் பர்ஸிலிருந்து ஈடுகட்டிவிட்டு அதை வீட்டுக்கு எடுத்து வருவார். நாளடைவில் அதுவே கிறுக்காகி, நல்ல காசுகளைத் தேடிப் போயும் வாங்கினார். இப்போது மூன்று ஆல்பம். "ஊரே சேர்ந்து என்னை ஏமாத்தினதுக்கு அத்தாட்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

மாப்பிள்ளைக்கு மெத்தைக் கடையில் விற்பனை வேலை. "விக்கிறதுன்னா நான் இருக்கேன்னு அத்தைகிட்ட சொல்லு" என்றார். சொன்னதோடு நின்றிருக்கலாம். மாமியார் வெளியே போயிருந்த நேரத்தில் பற்பசையும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, முதல் ஆல்பத்துக் காசுகளைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அதில் ராஜாவின் முகம் ஒரு ஓரமாக நகர்ந்து, பாதித் தலை காசுக்கு வெளியே போயிருந்தது. கோணல் காசைத் தேய்த்து என்ன பிரயோஜனம்?

திரும்பி வந்த மாமியார் ஆல்பத்தைத் திறந்தார். கண் கூசியது. மகள் செய்திருந்தால் கூரை பறந்திருக்கும். செய்தவர் மாப்பிள்ளை.

"பளபளன்னு இருக்குன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மாமியாரும் மாப்பிள்ளையும் மட்டும் காசுக் கடைக்குப் போனார்கள். தபால்காரி இல்லாத பஸ் பயணத்தில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கடைக்காரர் முதல் ஆல்பத்தைப் பிரித்ததும் நெற்றியில் கை வைத்தார்.

"ஐயையோ, இதை யாரு தேய்ச்சது? பழைய காசுக்கு அந்த மங்கல்தாம்மா மதிப்பே. தேய்ச்சா பாதி விலை போயிடும்."

மாப்பிள்ளையின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"நான்தான். சும்மா இருக்க முடியாம தேய்ச்சுட்டேன்."

கடைக்காரர் உச்சுக் கொட்டியபடியே ஒவ்வொரு காசாகத் தொட்டுக் குறை சொல்லி, மற்ற ஆல்பங்களையும் புரட்டி, மூன்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். கார் வராது, நாலு சக்கரம் வரும். "வேற யாரும் இவ்வளவுகூடத் தர மாட்டாங்க" என்றார்.

"வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று மாமியார் ஆல்பங்களை வாரிக்கொண்டு வெளியே வந்தார்.

நடைபாதையில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "ஏன் அத்தை பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்றார். முதல் நேர்ப் பேச்சு.

"அந்த ஆள் முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா? வீட்டுக்கு வாங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாருக்கும்.

"அத்தை, ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாக் காசையும் தொட்டுத் தொட்டு குறை சொன்னாரு. அந்தக் கோணல் காசு பக்கம் மட்டும் கையே போகல. எங்க கடையிலயும் அப்படித்தான். ஒரு மெத்தையை மனசுக்குள்ள முடிவு பண்ணினவங்க, அதை விட்டுட்டு மத்ததுல எல்லாம் படுத்துப் பார்ப்பாங்க."

மாமியார் நின்றுவிட்டார். "அப்படின்னா விலை சொல்றவரும் வாங்கறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, மாப்பிள்ளை."

இணையத்தில் தாங்களே விற்கலாமா என்று பார்த்தார்கள். ஒரே மாதிரிக் காசுக்கு ஒருவன் டீ விலை கேட்டான், இன்னொருவன் வீட்டு விலை கேட்டான். விசாரித்ததில் ஒரு மதிப்பீட்டாளர் அம்மா கிடைத்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு விலை மட்டும் சொல்வார். தான் வாங்க மாட்டார். அவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து காசுகளை வெள்ளி, உதிரி, தேய்த்தவை என்று மூன்று குவியலாகப் பிரித்தார். கோணல் காசு மட்டும் எந்தக் குவியலிலும் சேரவில்லை. அதைத் தனியே ஒரு துணியில் வைத்தார்.

"அடிக்கிறப்பவே அச்சு நகர்ந்திருக்கு. இப்படி வெளியே தப்பி வர்றது அபூர்வம். நல்லவேளை, இதை யாரும் தேய்க்கல."

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

மதிப்பீட்டாளர் சொன்ன யோசனைப்படி கோணல் காசு ஏலத்துக்குப் போனது. இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று மாமியார் ஒரு விலையை எழுதிக் கொடுத்தார். ஏலக்காரர்கள் கேட்ட கமிஷனை மாப்பிள்ளை, மெத்தை வாங்க வந்தவர் மாதிரி இரண்டு தடவை எழுந்துபோய்க் குறைத்தார். வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பாளர்கள் கூடும் சந்தையில் தனித்தனியாக விற்றார்கள். உதிரிகள் எடை போட்டுப் போயின.

மிச்சம், தேய்த்தவை. சந்தையில் அவற்றைச் சீந்துவார் இல்லை. மாப்பிள்ளை விடவில்லை. "வயசு பழசு, மேனி புதுசு!" என்று கூவ ஆரம்பித்தார். மாமியார் வெட்கத்தில் குனிந்துகொண்டார். அந்தக் குரலுக்கு ஒரு மேஜிக்காரர் வந்து நின்றார்.

"இது போதும் சார். கடைசி வரிசையில இருக்கறவனுக்கும் மின்னணும். மங்கின காசு எனக்கு எதுக்கு?" என்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். நல்ல காசுக்குரிய விலை கிடைக்கவில்லை. கடைக்காரர் பயமுறுத்திய பாதி விலையைவிட நிச்சயம் மேல்.

ஏலத்தன்று இருவரும் கடைசி நாற்காலிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் ஒருவரும் அரங்கில் ஒருவருமாக மாறி மாறிக் கேட்க, விலை ஏறிக்கொண்டே போனது. மாமியார் எழுதிக் கொடுத்த விலையைத் தாண்டியபோது மாப்பிள்ளை தன்னையறியாமல் மாமியாரின் கையைப் பிடித்தார். சுத்தியல் விழுந்த பிறகுதான் விட்டார். பங்களா வாங்கும் பணம் இல்லை. ஆனால் நல்ல பழைய கார் தாராளமாக வரும்.

அன்று மாலை மகள் டியூட்டி முடிந்து மாடிப்படி ஏறும்போதே உள்ளே குரல்கள் உயர்ந்திருந்தன.

"சிவப்புக் காரா? ஊர் சிரிக்கும் அத்தை!"

"சிரிக்கட்டுமே! ஓட்டப்போறது நீங்களா, நானா?"

"பக்கத்துல உக்காரப்போறது நான்தானே!"

மகள் பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். "என்னம்மா சண்டை?"

"சண்டை இல்லடி, பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் அம்மா. "நீ நடுவுல வராதே."