முதல் தட்டு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. நாட்டின் பொதுக்கல்வி வரலாற்றை எளிமையாக எழுதித் தாருங்கள் என்று ஒரு சிறப்பு மலருக்குக் கேட்டிருந்தார்கள். இப்படித் தொடங்கினேன்:

‘பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசியல் சட்டம் பத்து ஆண்டு கெடு வைத்தது; அது பிள்ளையின் சட்ட உரிமையாக நடைமுறைக்கு வர அறுபது ஆண்டு ஆனது. அந்த உரிமை வந்த பிறகு—’

அதற்கு மேல் ஓடவில்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெண் கையில் மிளகாய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கட்டுரையை மடித்து வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

2

மாரிச்செல்வி. சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே, மிளகாய்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். அங்குள்ள அரசு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அவள் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. பகலில் ஊர்ப் பெரியவர் தனுஷ்கோடியின் தோட்டத்தில் மிளகாய்ப் பழம் எடுக்கிறாள்.

(தனுஷ்கோடியை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பள்ளி நிற்கும் இடம் அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தது. புயலில் கூரை போனபோது ஓடு வாங்கிப் போட்டவர் இவர். இப்படி யாரோ கொடுத்த நிலத்தில் எழும்பிய அரசுப் பள்ளிகள் நாடு முழுக்க உண்டு. கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது வரலாற்றின் அடுத்த அத்தியாயம்.)

தனுஷ்கோடியின் பேத்தி மஞ்சள் வேனில் டவுனிலுள்ள தனியார் பள்ளிக்குப் போகிறாள், யு.கே.ஜி.

3

தலைமையாசிரியை சண்முகவள்ளி கூட்டத்தில் சொன்னார்: “ஜூன்ல ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது சேரணும். இல்லேன்னா நம்ம பள்ளியை சிக்கல் பள்ளியோட சேத்துருவாங்க.”

சேர்த்துவிட்டால் மகளை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப முடியாது. மாரிச்செல்விக்குத் தெரிந்த மாற்றுவழி ஒன்றுதான்: மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே மகளையும் உட்கார வைப்பது. ஊரில் ஒன்றாம் வகுப்புக்கு வரவேண்டிய ஒரே பிள்ளையோ தனுஷ்கோடியின் பேத்தி.

அந்த மாசியில்தான் கல்விச் சீர் வந்தது. காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவருவது போல, ஊரே மேளத்தோடு பள்ளிக்கூடத்துக்குத் தட்டு எடுக்கும்: நாற்காலி, மின்விசிறி, சாக்பீஸ், சத்துணவுக்கு மிளகாய், புளி. ஒரு விதி உண்டு. எடுத்த தட்டைச் சேரும் இடம் சேராமல் தரையில் வைக்கக் கூடாது. (நினைவில் இருக்கட்டும். கதைக்கு வேண்டும்.)

4

முதல் தட்டு தனுஷ்கோடியிடம். பள்ளி வாசல் கண்ணில் பட்டதும் பின்னாலிருந்த மாரிச்செல்வி முன்னே வந்து நின்றாள். மேளம் நின்றது.

“ஏத்தா, என்ன வழிய மறிச்சுக்கிட்டு?”

“ஒரு நியாயம் கேக்கணும்யா. இது தாய்மாமன் சீருதான?”

“பெறகு? நெலம் குடுத்தது எங்கய்யா. அப்ப இதுக்குத் தாய்மாமன் நாந்தான?”

“அதுல குத்தமில்ல. சீரத் தூக்கிட்டு இங்கன வந்துட்டு, வீட்டுப் பிள்ளைய மட்டும் அங்கன வேற விசேஷத்துக்கு வேன்ல ஏத்தி விட்டா, அது என்ன சீருய்யா?”

“சீரு இங்கன, பந்தி டவுனுலயாம்” என்றான் மேளக்காரன் முனீஸ்வரன். கூட்டத்தில் சிரிப்பு.

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. “எங்காட்டு மொளகாய எடுத்து எடுத்து ஒனக்கு வாயும் காரமாப் போச்சு. நாளைக்கு வேலைக்கு வர்ற நெனப்பு இருக்கா?”

“வாரேன். ஒங்க கோவம் தீர்ற வரைக்கும் பழம் செடியில காத்துருக்குமா?”

அவர் தட்டை நீட்டினார். “அப்ப இந்தா. நீயே மொதல்ல போ.”

மாரிச்செல்வி தன் மிளகாய்த் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எதுக்குய்யா? எம்பிள்ளைய ஏற்கெனவே உள்ள விட்டுட்டேனே.”

நீட்டிய தட்டு நீட்டியபடி. கீழே வைக்க முடியாது. வளைவில் வேனின் ஹாரன். அவர் வீட்டு வாசலில் மருமகள் மகேஸ்வரி, யூனிபார்ம் போட்ட பேத்தியின் கையைப் பிடித்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

முதல் முடிவு: மகேஸ்வரி மகளோடு வந்து, “மாமா, தட்டைக் குடுங்க” என்கிறாள். எழுதினேன், அடித்தேன். ஒரு நல்ல மருமகள் வாய்த்தால்தான் பள்ளி நிலைக்கும் என்றால் அறுபது ஆண்டு கழித்து வந்த சட்டம் எதற்கு?

இரண்டாம் முடிவு: அவர் தட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். வேன் வருகிறது, ஜூன் வருகிறது, பள்ளிக்குப் பூட்டு. இது நடக்கக்கூடியது. ஆனால்—

ஆனால் மாரிச்செல்வி வழிவிடவில்லை. அவளை நகர்த்தும் வரி என்னிடம் இல்லை, தேடவும் போவதில்லை.

தனுஷ்கோடியின் தட்டு ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டது. தேங்காய் உருண்டு தட்டின் விளிம்பில் முட்டுகிறது. யாராவது வாங்கியாக வேண்டும். வாசகரே, நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். இந்தாருங்கள், பிடியுங்கள்.

நடக்கும் முன் ஒன்று. அவள் உங்களிடமும் கேட்பாள்: உங்க வீட்டுப் பிள்ளை எங்க படிக்குது?