கடல் இடக்கைப் பக்கம்

தம்பியின் கலியாணத்துக்காகச் செய்த வேலைகளில் எது மிகவும் கஷ்டம் என்று யூஜினாவைக் கேட்டால், மண்டபம் பிடித்ததையோ கேக் சொல்லிவைத்ததையோ சொல்லமாட்டாள். பெண் வீட்டாருக்குப் பத்தொன்பது குரல்பதிவு அனுப்பியதைத்தான் சொல்லுவாள்.

தம்பி வலன்ரைனுக்குக் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. தூத்துக்குடியில் அதே மாதிரி ஓர் அலுவலகத்தில் ஜெனிட்டாவுக்கு வேலை. அங்கிருந்து இங்கே வரும் கொள்கலன்களின் இலக்கங்களைச் சரிபார்க்க இருவரும் ஒரு நாளைக்கு நாலு தரம் தொலைபேசியில் கதைத்தார்கள். ஒன்றரை வருஷம் இலக்கம் கதைத்தவர்கள் பிறகு மற்றதையும் கதைக்கத் தொடங்கினார்கள். இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பு இல்லை. கலியாணம் கொழும்பில், மாப்பிள்ளை வீடு இருக்கும் கொட்டாஞ்சேனையில் என்று முடிவானது. ஜெனிட்டா வாழப் போவதும் அங்கேதான்.

பெண் பக்கத்திலிருந்து பதினொரு பேர் வருவதாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதுவரை கடல் தாண்டியதில்லை. என்ன கொண்டுவர வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அம்மா இமெல்டா யூஜினாவின் தலையில் கட்டினார். யூஜினா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேருக்குப் பத்துத் தரம் பொறுமையாகச் சொல்லிப் பழகியவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகப் பேசி அனுப்பினாள்.

அதை எல்லாம் அங்கே கேட்டு, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்தவர் ஜெனிட்டாவின் அத்தை மிக்கேலம்மாள். ஜெனிட்டாவுக்கு எட்டு வயதாக இருக்கையில் தாய் இறந்துபோனார். அப்பாவின் அக்காவான மிக்கேலம்மாள்தான் கலியாணம் செய்யாமல் இருந்து அவளை வளர்த்தவர். எதையும் அரைகுறையாக விடும் ஆள் அல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

விமான நிலையத்தில் அவசரப்படாமல் எல்லோரும் ஆறுதலாக வெளியே வாருங்கள் என்று யூஜினா சொல்லியிருந்தாள். உங்கள் வீட்டில் யார் தவறிவிட்டார்கள், யாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். காலைச் சாப்பாடு பாணும் பருப்பும் என்று சொன்னதற்கு, எங்கள் வீட்டில் விடிந்ததும் வெற்றிலை போடும் பழக்கம் இல்லை என்று பதில் வந்தது. பாண் என்றால் பிரெட் என்று விளக்க இன்னொரு பதிவு தேவைப்பட்டது. இங்கே பிளக்குக்குச் சதுரமான மூன்று கால் வேண்டும், அதற்கு ஏற்ற ஒன்றை வாங்கி வாருங்கள் என்றாள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்க வேண்டாம் என்றாள். போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் பூட்டு என்றாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதிருந்த ஜெனிட்டாவின் அப்பா அன்றைக்கு மட்டும், அடுத்த போயா எந்தத் தேதியில் வருகிறது என்று விசாரித்தார்.

கொட்டாஞ்சேனை வீட்டில் அத்தனை பேருக்கு இடமில்லை. கொழும்பின் தென்பக்கம், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் நாலு அறை எடுத்திருந்தார்கள். அங்கிருந்து கூட்டிவர வான் வண்டியும் பேசியாகிவிட்டது. வான் வராமல் போனால் என்ன செய்வது என்று மிக்கேலம்மாள் கேட்டார். அதற்கும் யூஜினா ஒரு பதிவு அனுப்பினாள்.

"ரயில் கடலோரமாத்தான் போகும் அன்ரி. எங்கட பக்கம் வாறதெண்டா கடல் உங்கட இடக்கைப் பக்கம் இருக்கோணும். வலக்கைப் பக்கம் இருந்தா அது பிழையான ரயில். கோட்டையில எல்லாரும் இறங்குவாங்க, நீங்களும் இறங்குங்கோ. அங்கயிருந்து ஒரு த்ரீவீல் பிடிச்சா வீட்டு வாசல்."

கடைசிப் பதிவில், முதல் இரண்டு நாளும் யாரும் தனியாக வெளியே போக வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மதுரையிலிருந்து விமானம் வந்து சேர்ந்தது. பதினொரு பேரும் ஒருவர்கூடத் தடுமாறாமல் பெட்டிகளோடு வெளியே வந்தார்கள். யூஜினாவுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, சட்டை அளவு பார்க்கப் பெண்களைக் கூட்டிப்போக அவள் லொட்ஜுக்கு வந்தாள். ஜெனிட்டா படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அத்தையைக் காணவில்லை. அவருடைய போன் கட்டிலில் கிடந்தது. ஊர் சிம் இங்கே வேலை செய்யாததால் அதை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

லொட்ஜைப் பார்த்துக்கொண்டவர் வரதராசா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"அவ ஏழு மணிக்கே வெளிக்கிட்டிட்டா பிள்ளை. கையில ஒரு தகரப் பெட்டி வச்சிருந்தவ. ஸ்டேஷன் எந்தப் பக்கம் எண்டு கேட்டா, நான்தான் கடலுக்கு இறங்கிற ரோட்டைக் காட்டி விட்டனான். தனியப் போறீங்களோ எண்டு கேட்டதுக்கு, எல்லாம் எழுதி வச்சிருக்கிறன் எண்டு கொப்பியைக் காட்டினவ."

யூஜினா ஸ்டேஷனுக்கு ஓடினாள். டிக்கெட் கொடுப்பவருக்கு நினைவிருந்தது. தலை நிறையப் பூ வைத்த அம்மா ஒருவர் கோட்டைக்கு டிக்கெட் வாங்கி, வந்த முதல் ரயிலிலேயே ஏறிவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் எட்டு மணிக்கு முன்னமே கொட்டாஞ்சேனையில் நிற்க வேண்டும். வீட்டுக்கு அழைத்தாள். இமெல்டா, இங்கே யாரும் வரவில்லையே என்றார். வலன்ரைன் கந்தோரிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு ஓடி, ஒவ்வொரு மேடையாகப் பார்த்துவிட்டு, இல்லை என்றான்.

தான் சொன்ன வழியில் எங்கே பிழை என்று யூஜினா திரும்பத் திரும்ப யோசித்தாள். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும்போது கடல் இடப்பக்கம்தான். அதில் பிழை இல்லை. இருபது வருஷமாக அவள் போய் வரும் ரயில் அது.

மிக்கேலம்மாள் ஏறியதும் சரியான ரயில்தான். ஆனால் ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததைக் கண்டதும் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த இருக்கை ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி இருந்தது. வண்டி புறப்பட்டதும் வெளியே பார்த்தார். கடல் அவருடைய வலக்கைப் பக்கம் அலையடித்துக்கொண்டிருந்தது. கொப்பியைத் திறந்து பார்த்தார். பிழையான ரயில் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் பதறவில்லை. கொள்ளுப்பிட்டியில் இறங்கி, மேம்பாலம் ஏறி அடுத்த மேடைக்குப் போய், எதிர்ப்பக்கம் போகும் ரயிலுக்காக நின்றார்.

அது வந்ததும் ஏறினார். அதிலும் ஜன்னலோரமாகக் கிடைத்த இடம் திசைக்கு முதுகு காட்டும் இடம்தான். இப்போது கடல் இடக்கைக்கு வந்துவிட்டது. மனசு நிம்மதியானது. கொஞ்ச நேரத்தில் வெள்ளவத்தை என்று தமிழில் எழுதிய பலகை வந்தது. ஏறின இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று, இனி வண்டி சரியான பாதையில் போகிறது என்று எண்ணிக்கொண்டார். கோட்டையில் எல்லோரும் இறங்குவார்கள் என்று எழுதியிருந்ததால் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார். கல்கிசை போனது. மொறட்டுவை போனது. தண்டவாளத்தோரம் வலைகளும் படகுகளும் கண்ணில்பட்டன. இவ்வளவு அழகான ஊரா என்று பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஓரிடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவரும் இறங்கினார். அது பாணந்துறை.

வாசலில் டிக்கெட் பார்க்கும் அதிகாரி அவருடைய டிக்கெட் துண்டை வாங்கிப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வந்த வழியைக் கையால் காட்டினார். அவர் சொன்னதில் 'கொட்டுவ' என்ற ஒரு சொல்தான் மிக்கேலம்மாளுக்குப் பிடிபட்டது. அது கோட்டையாக இருக்கும் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினார். அதிகாரி கோபப்படவில்லை. தன் நாற்காலியை எடுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னார். பிறகு மேடையில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்து, தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று உரக்கக் கேட்டார். மூன்று பேர் எழுந்து வந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் லுத்பியா.

லுத்பியாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தையல் வேலை செய்பவர். லேஸும் பொத்தானும் வாங்கப் புறக்கோட்டைக்குப் புறப்பட்டிருந்தார். மிக்கேலம்மாள் சொன்ன கதையைக் கேட்டு, கொப்பியில் இருந்த வழியையும் வாசித்தார். பிறகு முதல் பக்கத்தில் இருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து அழைத்தார்.

வெள்ளவத்தை ஸ்டேஷனிலேயே நின்ற யூஜினா, தெரியாத எண்ணைப் பார்த்ததும் உடனே எடுத்தாள்.

"நீங்க யூஜினாவா? உங்கட அன்ரி ஒராள் எங்கிட்ட ஈக்கிறாங்க. பாணந்துறையில. நல்லா சிரிச்சிக்கிட்டு ஈக்கிறாங்க, நீங்க பயப்புட வாணாம்."

யூஜினா அந்த இடத்திலேயே வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே நில்லுங்கள், வாகனம் கொண்டு வருகிறேன் என்றாள். போனை மிக்கேலம்மாள் வாங்கி, யாரும் வர வேண்டாம், நான் ரயிலிலேயே வருகிறேன், புறப்பட்டது கொட்டாஞ்சேனைக்கு, கொட்டாஞ்சேனைக்கே வந்து சேருவேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த முறை லுத்பியா அவரைப் போகும் திசை பார்த்து உட்கார வைத்தார். மிக்கேலம்மாளின் மடியிலிருந்த தகரப் பெட்டியில் தூத்துக்குடி மக்ரூன் இருந்தது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்துச் சுட்ட இனிப்பு. காற்றுப் பட்டால் இளகிவிடும் என்பதால்தான் வந்த மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட நினைத்திருந்தார். பெட்டியைத் திறந்து லுத்பியாவுக்கு ஒன்று கொடுத்தார். லுத்பியா சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார். லுத்பியாவின் இளைய மகள் கலியாணம் முடித்துக் கல்முனைக்குப் போய் இரண்டு வருஷம். அவளைப் பற்றி ஒருவர் சொல்ல, ஜெனிட்டாவைப் பற்றி மற்றவர் சொல்ல, கோட்டை வந்ததே தெரியவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் எல்லோரும் நின்றார்கள். பெண் வீட்டார் வானில் வந்து இறங்கியிருந்தார்கள். வலன்ரைன் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். பதினொரு மணிக்குள் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்த மிக்கேலம்மாளும் லுத்பியாவும் பன்னிரண்டரைக்குத்தான் த்ரீவீலில் வந்து சேர்ந்தார்கள். புறக்கோட்டையில் லுத்பியாவுக்கு லேஸ் தெரிவு செய்ய மிக்கேலம்மாளும் கூட நின்றிருந்தார். கையில் பெட்டி. அதில் பாதி காலி.

ஜெனிட்டா அழுதுகொண்டே போய்க் கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா, அக்கா என்றும் பாராமல் சத்தம் போட்டார். இமெல்டா ஒன்றும் கேட்காமல் மிக்கேலம்மாளையும் லுத்பியாவையும் உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார். யூஜினாவால் பொறுக்க முடியவில்லை. தனியாகப் போக வேண்டாம் என்று அத்தனை தரம் சொன்னேனே, ஏன் அன்ரி என்று கேட்டாள்.

மிக்கேலம்மாள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நீ நல்லாத்தான் சொன்ன தாயி. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஆனா நாங்க செவ்வாக்கெழம ஊருக்குப் போயிருவோம். இவ இங்க இருப்பா. ஒந்தம்பி வேலைக்குப் போயிருப்பான், நீ கடைக்குப் போயிருப்ப. அன்னைக்கு இவ வழி தெரியாம எங்கயாச்சும் நின்னா, என்னம்மான்னு ஒரு ஆளு கேப்பாங்களா? அதை மட்டும் நீ சொல்லல. அதான் நானே போய்ப் பாத்தேன்."

ஜெனிட்டா அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அதுக்காகத் தொலைஞ்சு போறதா அன்ரி?" என்று வலன்ரைன் மெல்லக் கேட்டான்.

"தொலையணும்னு போகலப்பா. அது தானா நடந்துச்சு. ஆனா கேக்காங்க. ஒருத்தர் கேட்டா மூணு பேரு வாறாங்க."

யூஜினாவின் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ரயிலில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தீர்கள் என்று கேட்டாள். மிக்கேலம்மாள் கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரை எஞ்சினாக்கி, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து காட்டினார். முதலில் லுத்பியாதான் சிரித்தார். பிறகு ஜெனிட்டாவின் அப்பா, பிறகு வீடு முழுக்க. மிக்கேலம்மாளுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் பூச்சரம் கழன்று விழுந்தது.

சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாதா கோவிலில் கலியாணப் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தார்கள். லுத்பியா கணவரோடு வந்திருந்தார். அவர்களுக்காக இமெல்டா கிராண்ட்பாஸில் ஒரு முஸ்லிம் கடையில் பிரியாணி சொல்லிவைத்திருந்தார். அதன் வாசனை பிடித்துக்கொண்டு பெண் வீட்டார் நாலு பேர் அந்த மேசைக்கே போய்விட்டார்கள். வரதராசாவும் வந்து முன்வரிசையில் இருந்தார்.

கேக் வெட்டியதும் பான்ட்காரர்கள் பைலா ஆட்டப் பாட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு அதற்குப் பிறகு கதிரையில் வேலை இல்லை. இமெல்டா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் மிக்கேலம்மாளின் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, கால் போற பக்கம் போகட்டும் என்றார் இமெல்டா. முதல் பாட்டில் மிக்கேலம்மாள் நின்ற இடத்திலேயே கையைத் தட்டினார். இரண்டாவதில் கால் அசைந்தது. மூன்றாவதில் ஜெனிட்டாவையும் வலன்ரைனையும் விலக்கிக்கொண்டு நடுவுக்கு வந்துவிட்டார். யூஜினா ஒரு பக்கமும் இமெல்டா மறுபக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மிக்கேலம்மாள் மட்டும் மேடைக்குப் போய், பான்ட்காரரிடம் அதையே இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.