மருந்தடிக்கும் டாங்கி

பற்றைக்காடு எரியத் தொடங்கியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் கச்சான் காற்று எழும்பினால் புகை எங்கள் பக்கம் சரியும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வேலியடிக்கு ஓடுவேன். திரும்பி வந்தால் சோறு அடிப்பிடித்திருக்கும். நேற்று அணைந்த இடம் இன்று மறுபடி புகையும். வேலிக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் எங்கள் மிளகாய்த் தோட்டம். பூவும் பிஞ்சுமாக நின்றது. இந்த வருடம் எங்களுக்கு வேறு பயிர் கிடையாது.

முதல் தடவை நெருப்பு வேலியைத் தொட்டபோது என் புருஷன் குணம், தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தார். ஆலையடிவேம்பிலிருந்து எங்கள் ஆட்களும் அக்கரைப்பற்றிலிருந்து முஸ்லிம் வயல்காரர்களும் மோட்டார் சைக்கிள்களில் வந்து குவிந்தார்கள். எல்லோர் முதுகிலும் வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கி. வாய்க்காலில் தண்ணீர் நிரப்பி நிரப்பி அடித்தார்கள். நான் அண்ணன் முறை வைத்து அழைக்கும் பக்கத்து வயல் முஹ்ஸின் காக்கா, செடி வாடக்கூடாதென்று வேலியோர வரிசைகளையும் நனைத்துவிட்டார். தோட்டம் தப்பியது. எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் அந்த வரிசைகளின் இலைகள் முறுக்கிச் சுருண்டன. சூடு பட்டால் இலை கருகும், இப்படிச் சுருளாது. யாருடைய டாங்கியிலோ களைநாசினி மிச்சம் இருந்திருக்கிறது. நெல்லை ஒன்றும் செய்யாத அந்த மருந்து மிளகாயை விட்டுவைக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவே போய் முஹ்ஸின் காக்காட்டக் கேக்கிறன்."

"வாய வெச்சிட்டு சும்மா இரி," என்றார் குணம். "நாளைக்கு நெருப்பு வந்தா ஆர் வாற?"

"வந்து மிச்சத்தையும் சாக்காட்டவா?"

நான் போகவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? கடையில் ஒருத்தியிடம் கொட்டித் தீர்த்தேன். பொழுதுபடுமுன் அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

இன்று காற்று திரும்பி, வேலியின் மேற்கு மூலையில் நெருப்பு ஏறியது. குணம் போன் அடிக்க அடிக்க ஒருவரும் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தமும் இல்லை. எங்கள் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினேன். புகைக்குள் முஹ்ஸின் காக்கா மட்டும் நின்று, பச்சை வேப்பங்கொப்பால் நெருப்பை அடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை பொசுங்கியிருந்தது.

"டாங்கி எங்க காக்கா?"

"கழுவிக் கழுவிப் பார்த்தன் தங்கச்சி. எண்டாலும் இஞ்ச கொண்டுவர மனம் வரல்ல."

"மத்த ஆக்கள்?"

"எல்லாரும் வாய்க்கால்ல டாங்கி கழுவுறாங்க. ஆர்ட டாங்கியில மருந்து கிடந்திச்செண்டு ஒருத்தருக்கும் தெரியாதாமே. சவுக்காரம் போட்டுக் கழுவிட்டுத்தான் வருவாங்களாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காடு எரிகிறது, நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக அத்தனை பேரும் வாய்க்காலில் நிற்கிறார்கள்.

"கழுவினது காணும், வரச் சொல்லுங்க!" என்று, பின்னால் ஓடிவந்த குணத்தை வாய்க்காலுக்குத் துரத்தினேன். என் டாங்கியைக் கழற்றி முஹ்ஸின் காக்காவின் முதுகில் மாட்டிவிட்டு, அவர் கையிலிருந்த கொப்பை வாங்கிக்கொண்டேன்.

அவர் குழாயைப் பிடித்தபடி தயங்கினார். "மிளகாயில படுமே தங்கச்சி."

"படட்டும் காக்கா," என்றேன். "மிளகாய்க்கு மேலயும் அடிங்க."